கூடாரத்தோடு மூன்று கால்களும் வேண்டும்

ஒருகொடவத்தை, வெல்லம்பிட்டி, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனைப் பகுதி மரண உதவிச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய சங்கத்தாருக்கு,

தலைவர், செயலாளர், தனாதிகாரி என்று பதவி பிரித்து எழுதவில்லை. மாதச் சந்தாவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து தரும் அம்மாமார் வரைக்கும் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மரணம் நடந்த அன்று பின்னேரம் நாலரை மணிக்கு உங்கள் கூடாரம் வந்துவிட்டது. ஐந்து மணிக்குக் கதிரைகள் வந்தன. மகரிப் தொழுகை முடிந்த கையோடு நானா ஒருவர் வந்து ஒழுங்கை முழுவதும் வயர் இழுத்து பல்ப் மாட்டினார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா பெரிய கேத்தலில் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். இறந்தவரின் மனைவி ஒரு சதத்துக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பகுதியில் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்பவன். அந்த ஒழுங்கை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அதே நாள் காலை பத்தரை மணிக்கு, அதே ஒழுங்கையில், ஒரு மலக்குழியின் வாயில் நாங்கள் பதினொரு பேர் நின்றோம். எங்களிடம் இருந்தது ஒரு நைலோன் கயிறு.

குழிக்குள் மயங்கிக் கிடந்தவர் எங்கள் ஒழுங்கைக்காரர். பவுசர் வந்து கழிவை உறிஞ்சிப் போன பிறகு, அடியில் படிந்த மண்டியை வாளியால் அள்ளுவதற்கு இறங்கியிருந்தார். ஒன்பது அடி ஆழம் இருக்கும். இரண்டு வாளி மேலே வந்தது. மூன்றாவது வாளிக்குக் குரல் வரவில்லை. இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்கியிருந்தார் என்பதால் நாலு பேர் பிடித்து இழுத்தோம். குனிந்து நின்று இழுக்கும்போது கால் வழுக்கியது; கயிறு கொங்கிரீட் விளிம்பில் உரசி உரசி வந்தது. எப்படியோ ஆளைக் குழிவாய் வரைக்கும் கொண்டுவந்தோம். அதற்கு மேல் அவர் வரவில்லை.

இடுப்பில் கட்டிய கயிற்றால் மயங்கிய ஒருவரைத் தூக்கினால் உடம்பு நடுவில் மடியும். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தொங்க, முதுகு முதலில் மேலே வரும். மடிந்த உடம்பு இரண்டடி வாய்க்குள்ளால் வெளியே வராது. நாங்கள் இழுக்க இழுக்க அவர் விளிம்பின் அடியில் போய்ச் சிக்கினார். அப்போதுதான் அவருடைய மச்சான் அதே குழியின் இன்னொரு மூடியைப் பெயர்த்துக்கொண்டு, "கீழ இருந்து தள்ளிவிடுறன், நீங்க இழுங்க" என்று சொல்லி இறங்கினார். தள்ளினார். சிக்கியவர் வெளியே வந்தார். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார். நீங்கள் கூடாரம் அடித்தது தள்ளியவருக்கு.

கயிற்றைப் பிடித்த நாலு பேரில் நானும் ஒருவன். ஒன்பது வருடம் வளைகுடாவில் கழிவுநீர்க் குழாய் வேலைத்தளங்களில் குழிவாயில் காவல் நின்றவன் நான். இறங்குபவரின் பெயரை எழுதி, நேரத்தை எழுதி, அவர் வெளியே வரும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையாமல் நிற்பது என் வேலை. அந்த ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட ஒரு குறிப்பிட்ட பொருள் இல்லாமல் எங்கள் குழியில் யாரும் இறங்கியதில்லை. அதை நிறுத்தாவிட்டால் அனுமதிச் சீட்டில் கையெழுத்து விழாது. அந்தப் பொருள்தான் அன்று காலை எங்கள் ஒழுங்கையில் இருக்கவில்லை.

மூன்று அலுமினியக் கால்கள். உச்சியில் அவற்றைப் பிணைக்கும் ஒரு தலை. தலையில் ஒரு கப்பி, ஒரு காலில் கையால் சுற்றும் வின்ச். மடக்கினால் ஒரு ஆள் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். அங்கே ட்ரைபொட் என்போம். முக்காலி என்று எழுதினால் உங்களுக்கு உட்காரும் பலகைதான் ஞாபகம் வரும். அதனால் மூன்று கால் என்றே எழுதுகிறேன்.

ஒரு கேள்வியை உங்கள் எல்லோர் முன்னாலும் வைக்கிறேன். அந்த மச்சான் ஏன் இறங்கினார்? வாயு இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். முதலாமவர் விழுந்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். இருந்தும் இறங்கியதற்குக் காரணம், மேலே நின்ற எங்களால் தூக்க முடியவில்லை. எங்கள் கைகள் குழியின் வாய்க்கு மேலே இல்லை, வாயின் ஓரத்தில் இருந்தன. ஏழடி உயரத்தில் ஒரு கப்பி தொங்கி, இடுப்புக் கயிற்றுக்குப் பதிலாகத் தோளையும் தொடையையும் பிடிக்கும் பட்டியும் இருந்திருந்தால் ஆள் நிமிர்ந்து, கால் விளிம்பில் படாமல், நேரே மேலே வந்திருப்பார். கீழே இருந்து தள்ள ஒரு ஆள் தேவைப்பட்டிருக்காது. இந்த மூன்று கால்கள் முதலில் இறங்குபவருக்காக என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டாவது ஆள் இறங்காமல் இருப்பதற்காக என்பதுதான் என் அனுபவம்.

என் அனுபவம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் வெளியிட்ட வழிகாட்டி, இப்படிப்பட்ட ஒடுங்கிய இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2018 ஏப்ரலில் ஹொரணை பெல்லப்பிட்டியவில் ஒரு இறப்பர் தொழிற்சாலையின் அமோனியாத் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். அவரைத் தூக்கப் போனவர்களும் சேர்த்து 5 பேர் இறந்தார்கள். ஓடிப் போனவர்களில் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். சத்தம் கேட்டதும் கையில் இருந்ததை வைத்துவிட்டு ஓடும் நம்மைப் போன்ற ஆட்கள்தான் அவர்களும்.

நம் பகுதியில் அந்த ஓட்டம் எவ்வளவு வேகமானது என்பதை 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் பார்த்தோம். ஏப்ரல் 14 பிற்பகல் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து 32 உயிர்களை எடுத்தபோது, அதிகாரிகள் வந்து சேரும் முன்பே வெறுங்கையால் குப்பையைத் தோண்டியவர்கள் உங்கள் பிள்ளைகள். அந்த மனம் எங்கும் போய்விடவில்லை. அதற்குக் கையில் சரியான கருவி கிடைக்காதபோது அது தன் உயிரையே கருவியாக்கிக் கொள்கிறது. நீங்கள் என்னதான் "இறங்காதே" என்று பலகை எழுதி வைத்தாலும், கீழே கிடப்பவன் தன் தம்பி என்றால் எங்கள் ஆட்கள் இறங்குவார்கள். அறிவுரையால் இது நிற்காது. மேலே நின்றபடியே அவனைத் தூக்க முடியும் என்றால்தான் நிற்கும்.

நம் ஆட்கள் எங்கெங்கே இறங்குகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எழும்பும் தொடர்மாடிகள் பலவற்றின் அடியிலும் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கழிவுத் தொட்டி உண்டு. அவற்றைக் கழுவ நாட்கூலிக்குப் போகிறவர்கள் நம் ஒழுங்கைகளில் இருந்தும் போகிறார்கள். கொலன்னாவைக்கு எண்ணெய் ஏற்றப் போய் வரும் பவுசர்கள் நம் பக்கத்துக் கராச்சுகளில் நிற்கின்றன. அவற்றின் தொட்டிக்குள் வெல்டிங்குக்கு இறங்குவதும் நம் பிள்ளைகள். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் பலவும் நூறு வருடம் கடந்தவை. நகரத்தின் கழிவு வடக்கே முகத்துவாரப் பக்கத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் கடலுக்குப் போய்ச் சேரும் வழியெங்கும் மேன்ஹோல்கள். 2016 மே மாத வெள்ளம் களனி கங்கையை வெல்லம்பிட்டி, கொலன்னாவை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அப்படி ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கிணறு இறைக்க வேண்டும், குழி துப்புரவாக்க வேண்டும். கிணறு இறைப்பவர்கள் எண்ணெயில் ஓடும் மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைப்பார்கள். அதன் புகை மேலே போக வழியில்லாமல் அடியில் தங்கும். அதில் வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இனி, அந்த மூன்று கால்களை நிறுத்தும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். வாங்குங்கள் என்று கேட்கப் போகிறவன், வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை காற்றைப் பார்ப்பது. காஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி, மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்திலும் நிறுத்தி வாசிக்க வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே இறங்கினால் அது ஆள் போகும் இடம் அல்ல. மலக்குழியில் ஊறும் ஐதரசன் சல்பைட் காற்றைவிடப் பாரமானது, அடியில் தேங்கும். கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடியதும் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். "இப்ப நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பயப்படுங்கள். புளோவரால் நல்ல காற்றை அடிவரைக்கும் ஊத வேண்டும், ஊதிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு கால்கள். ஒவ்வொரு காலிலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். நிலம் சமமாக இருந்தால் மூன்றிலும் ஒரே துளையில் பின்னைப் போடலாம். நம் ஒழுங்கைகள் எங்கே சமம்? ஒரு பக்கம் வீட்டுப் படி, மறுபக்கம் கான், நடுவில் சரிவு. படியில் நிற்கும் காலைக் குறைத்து, கானில் நிற்கும் காலைக் கூட்டி, தலை மட்டமாக நிற்கும் வரைக்கும் சரிபார்க்க வேண்டும். மண் இளகியிருந்தால் பாதத்தின் கீழ் பலகை. மூன்று பாதங்களையும் சுற்றி ஒரு சங்கிலி அல்லது பட்டி ஓட வேண்டும். பாரம் ஏறியதும் கால்கள் வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். அதைப் பிடித்து வைப்பது அந்தச் சங்கிலிதான். அதை மாட்டாமல் நிறுத்துவதை நான் ஒருமுறை பார்த்தேன். மணல் மூட்டையோடு சோதித்ததால் மூட்டை விழுந்ததோடு போயிற்று.

தலை குழியின் நடுவுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இதற்கு ஒரு நூல்குண்டு போதும், மேசன்மார் வைத்திருப்பது.

மிக முக்கியமானது இனிமேல்தான். கயிறு தலைக் கப்பியில் ஏறி மறுபக்கம் இறங்கும்போது, தொங்குபவரின் பாரமும் இழுப்பவரின் பலமும் சேர்ந்து தலையில் விழும். 80 கிலோ ஆளைத் தூக்கினால் தலை சுமப்பது 160 கிலோ, உராய்வையும் சேர்த்தால் அதைவிடக் கூட. அந்த 160 கிலோவும் நேரே கீழ்நோக்கி, மூன்று பாதங்களும் அமைக்கும் முக்கோணத்துக்குள்ளே இறங்கினால் மூன்று கால் சட்டம் அசையாது. ஆனால் பதற்றத்தில் நாலு பேர் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு தேர் இழுப்பது போலத் தள்ளிப் போய் இழுப்பார்கள். அப்போது பாரம் சரிந்து, தொங்குபவருக்கும் இழுப்பவர்களுக்கும் நடுவாகப் போகும். அந்தக் கோடு முக்கோணத்தைத் தாண்டிய கணத்தில் சட்டம் இழுப்பவர்கள் மேல் சாயும், ஆள் திரும்பக் குழிக்குள் போவார். அதனால்தான் வின்சைக் காலிலேயே பொருத்துகிறார்கள். வின்ச் இல்லாமல் கயிற்றாலேயே தூக்குவதானால், கயிற்றை முதலில் ஒரு காலின் அடியில் உள்ள இன்னொரு கப்பிக்கு இறக்கி, அங்கிருந்துதான் வெளியே எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் தலையில் விழும் பாரம் முக்கோணத்துக்குள்ளேயே கீழே போகும்.

கயிறு இரண்டு வேண்டும். ஒன்று தூக்க, ஒன்று காக்க. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். இடுப்பில் முடிச்சுப் போடவே கூடாது. தோள், நெஞ்சு, தொடை மூன்றையும் பிடிக்கும் ஹார்னஸ் போட்டு, முதுகுப் பக்க வளையத்தில் கொளுக்கியை மாட்டினால் மயங்கியவரும் நிமிர்ந்தே வருவார். தோள் ஒடுங்கி, இரண்டடி வாய்க்குள்ளால் வழுக்கிக்கொண்டு வெளியே வருவார். பாதம் விளிம்பைத் தாண்டும் வரைக்கும் மேலே தூக்க உயரம் வேண்டும். ஏழடி உயரம் அதற்காகத்தான்.

கிணற்றடியில் வளர்ந்த உங்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. துலாவும் ஆடுகாலும் வைத்து இறைத்த காலத்திலும் சரி, குறுக்குமரத்தில் கப்பி போட்ட காலத்திலும் சரி, வாளியைக் கிணற்றுக் கட்டில் உரசி யாராவது இழுத்தார்களா? கயிறு தேயும், வாளி இடிக்கும், பாதித் தண்ணீர் கொட்டும் என்று குழந்தைக்கும் தெரியும். நனைந்த கொங்கிரீட் விளிம்பில் மடங்கி வரும் கயிறு இழுப்பவரிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலம் கேட்கிறது. தண்ணீருக்குக் கொடுத்த கப்பியை ஆளுக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கராச் வைத்திருக்கும் தம்பிமாரும் சங்கத்தில் இருக்கிறீர்கள். "இதென்ன பெரிய விஷயம், ஜிஐ பைப் மூன்றை வெல்ட் பண்ணினால் போச்சு, நாங்கள் செயின் பிளாக் போட்டு லொறி எஞ்சினே தூக்குகிறோம்" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. உங்கள் கைவேலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எஞ்சின் விழுந்தால் எஞ்சின்தான் போகும். ஆளைத் தாங்கும் சட்டத்துக்கு ஐரோப்பாவில் ஈஎன் 795 என்ற தரம் இருக்கிறது. 12 கிலோநியூட்டன், அதாவது 1,200 கிலோவுக்கும் கொஞ்சம் கூடிய இழுவையை மூன்று நிமிடம் தாங்கிக் காட்ட வேண்டும். அந்த முத்திரை அடித்த சட்டத்தைத்தான் வாங்க வேண்டும். உங்கள் திறமை வேறிடத்தில் தேவைப்படும். பின் வளைந்திருக்கிறதா, கால் நெளிந்திருக்கிறதா, வின்ச் கம்பியில் இழை பிரிந்திருக்கிறதா என்று பார்க்க உங்களைவிடக் கூர்மையான கண் நம் பகுதியில் இல்லை.

இது அரசாங்கத்தின் வேலை என்று சொல்வீர்கள். சொல்வது நியாயம். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே, ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் இறங்குபவருக்குச் சுவாசக் கருவியும் கயிறு பிணைத்த பெல்ட்டும் வேண்டும் என்கிறது. எண்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பெல்ட்டும் கயிறும் மட்டும் போதாது என்பதை இந்த மடலின் தொடக்கத்திலேயே சொன்னேன். அதுவும் தொழிற்சாலைக்கான சட்டம். ஒழுங்கைக் குழியில் நாட்கூலிக்கு இறங்குபவரை அது எட்டிப் பார்ப்பதில்லை. அமெரிக்க விதி 1993இலிருந்து, ஆபத்தான காற்றுள்ள செங்குத்துக் குழி 5 அடிக்கு மேல் ஆழமானால் ஆளைத் தூக்கும் இயந்திரக் கருவி கைவசம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்தடி! நம் ஆட்களில் பெரும்பாலானோரின் உயரத்தைவிடக் குறைவு. ஒன்பது அடிக் குழியில் நாங்கள் கயிற்றோடு நின்றோம்.

இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில், சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 ஒக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. மனிதர் கையால் மலம் அகற்றுவதைத் தடுக்க அங்கே 1993இலும் 2013இலும் சட்டம் இயற்றினார்கள். அதற்குப் பிறகும் தமிழ்நாட்டிலிருந்து மலக்குழி மரணச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டமும் நட்டஈடும் வேண்டும், அவற்றுக்காகக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் குழிவாயில் அன்றைக்கு நிற்பவர்கள் நீங்களும் நானும்தான்.

தீயணைப்புப் படை இருக்கிறதே என்றும் கேட்பீர்கள். முதலில் 110க்கு எடுங்கள், உடனே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். இதில் எந்த மாற்றமும் இல்லை. அவர்களுக்குப் பதிலாக நாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருகொடவத்தைச் சந்தியில் கொன்டெய்னர் லொறிகள் நாலு பக்கமும் வரிசை கட்டி நிற்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பேஸ்லைன் வீதியைத் தாண்டி, ஒரு முச்சக்கர வண்டி மட்டும் நுழையும் ஒழுங்கைக்குள் அவர்கள் வந்து சேர வேண்டும். ஒட்சிசன் போகாத மூளைக்கு இருப்பது நாலைந்து நிமிடம். அந்த நிமிடங்களில்தான் இரண்டாவது ஆளும் இறங்குகிறார்.

ஏன் மரண உதவிச் சங்கத்திடம் கேட்கிறேன் என்று உங்களில் சிலருக்கு மனம் கனக்கலாம். நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் சவப்பெட்டி பற்றிப் பேசியது போல இருக்கலாம். மன்னியுங்கள். நம் பகுதியில் எல்லா மதத்தவரும், எல்லா மொழிக்காரரும் நம்பிக் காசு கொடுக்கும் இடம் உங்களுடையது. பொதுச் சொத்தை வாங்கி, பூட்டி வைத்து, கேட்ட நேரத்தில் கொடுத்து, திரும்ப எண்ணி எடுக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் திறப்போடு எழும்பி வரும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. இந்த மூன்று கால்களுக்கு வேண்டியதும் அந்த மூன்றும்தான்.

ஒரு சங்கத்தால் தனியே வாங்க முடியாத விலை என்பது எனக்குத் தெரியும். மூன்று கால் சட்டம் ஒன்று, வின்ச் ஒன்று, காக்கும் கயிறு ஒன்று, ஹார்னஸ் இரண்டு, காஸ் மீட்டர் ஒன்று, புளோவர் ஒன்று. ஐந்து சங்கங்கள் சேர்ந்து ஒரு சீட்டுப் பிடிப்பது போலப் பிடித்தால் ஒரு வருடத்தில் ஒரு செட் கைக்கு வரும். அதைக் கூடாரம் இருக்கும் அறையிலேயே வையுங்கள். ஆபத்துக்கு எடுத்தால் காசு இல்லை. குழி துப்புரவு ஒப்பந்தம் எடுப்பவர்களுக்கும் தொடர்மாடி நிர்வாகங்களுக்கும், கதிரைக்கு வாங்குவது போல, நாள் வாடகைக்குக் கொடுங்கள். பழகிய இரண்டு பேரையும் கூடவே அனுப்புங்கள். அந்த வாடகையில் காஸ் மீட்டரைத் தரம் பார்ப்பதும் கயிறு மாற்றுவதும் நடக்கும். அந்த இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலியும் கிடைக்கும். இன்னொன்றும் நடக்கும்: ஆபத்து வந்த பிறகு ஓடிப்போய் நிறுத்துவதைவிட, இறங்கும் முன்பே மூன்று கால்களும் நிற்கும். இறங்குபவர் ஹார்னஸோடும் கொளுக்கியோடும் இறங்கினால், மயங்கினாலும் வின்சைச் சுற்றினால் போதும். யாரும் யாரையும் கட்டத் தேவையில்லை. முன்பே கட்டாமல் கிடப்பவரிடம் போய்க் கொளுக்கி மாட்ட ஒருவர் சுவாசக் கருவியோடு இறங்கியே ஆக வேண்டும். அது தீயணைப்பு வீரர்களின் வேலை, நம்முடையது அல்ல.

சங்கத்துக்கு ஆறு பேரைத் தெரிவு செய்யுங்கள். ஆணும் பெண்ணும். வின்சைச் சுற்றப் பெரிய பலம் தேவையில்லை, பதறாத மனம்தான் தேவை. தீயணைப்புப் பிரிவுக்கு எல்லாச் சங்கமும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதி, பயிற்சி கேளுங்கள். அதன் பிறகு மாதம் ஒரு தடவை, எல்லோரும் வீட்டில் இருக்கும் போயா நாளில், ஒவ்வொரு முறையும் வேறொரு ஒழுங்கையில், 80 கிலோ மணல் மூட்டையை இறக்கி ஏற்றிப் பழக வேண்டும். எந்த ஒழுங்கையில் கால் விரிய இடமில்லை, எந்தக் கிணற்றின் கட்டு உயரமானது, எந்தக் குழிக்கு மேல் கூரை தாழ்வானது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிய வரும். மலையிலும் பாறை விளிம்பிலும் மீட்பு வேலை செய்பவர்கள் மூன்று காலில் ஒன்றைக் கழற்றி இரண்டு காலிலும், சில வேளை ஒற்றைக் காலிலும்கூட, பின்னால் கயிறு கட்டி நிறுத்துவார்கள். அது நமக்கு இப்போதைக்கு வேண்டாம். மூன்று காலை ஐந்து நிமிடத்துக்குள் பிழையில்லாமல் நிறுத்தத் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். பணத்தைவிட இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மூன்று கால் நிற்காத குழியில் எங்கள் சங்க உறுப்பினர் யாரும் இறங்க மாட்டார்கள் என்று ஒரு தீர்மானம் எழுதுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, சங்க முத்திரை குத்தி, ஒவ்வொரு உறுப்பினர் கையிலும் கொடுங்கள். நாட்கூலிக்காரர் தனியே நின்று முதலாளியிடம் "மாட்டேன்" என்று சொன்னால் அடுத்த நாள் வேலை இல்லை. "சங்கத்தில் விட மாட்டார்கள்" என்று சொல்ல ஒரு தாள் அவர் சட்டைப் பையில் இருந்தால், சொல்வதற்கு ஒரு துணை இருக்கும். ஒருகொடவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் எல்லாச் சங்கமும் அதே தாளைக் கொடுத்தால், முதலாளிக்கும் வேறு ஆள் தேடிப் போக இடம் இருக்காது.

வருடாந்தப் பொதுக்கூட்டங்கள் தொடங்கப் போகின்றன. கணக்கறிக்கை வாசித்து முடிந்ததற்கும் நிர்வாகத் தெரிவு தொடங்குவதற்கும் நடுவில் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். வளைகுடாவில் இருந்து கொண்டுவந்த பழைய ஹார்னஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. காலாவதியானது, அதில் யாரையும் தூக்க முடியாது; கட்டும் முறையைக் காட்டலாம். அன்று விளிம்பில் உரசிய கயிற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுவருகிறேன். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியவரும் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். மச்சானின் மனைவியிடம் இந்த மடலைப் படித்துக் காட்டினேன். அனுப்பச் சொன்னார்.

உங்கள் சங்கத்தின் சாதாரண உறுப்பினன்,
ஒருகொடவத்தை